எண்ணெய் போடாத ஸ்டாண்ட்

"வேண்டாம்னா விடுங்களேன். கத்தினா கத்திட்டுப் போகட்டும்" என்றாள் கடைக்காரம்மா.

பட்டறைக்காரருக்குச் சுருக்கென்றது. கத்துவது அவர் கையால் செய்த ஸ்டாண்ட் ஆயிற்றே.

அந்த ஃபேன்சி ஸ்டோருக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் கிளிப், சாவி வளையம், சீப்பு என்று தனித்தனியாக மாட்ட மூன்று சுழல் ஸ்டாண்ட் செய்து கொடுத்திருந்தார். ஆளுயரம். கொக்கிகளை வேண்டிய உயரத்துக்கு ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். விரலால் தொட்டால் போதும், சுற்றும். ஒவ்வொன்றின் அடியிலும் அவர் பட்டறையின் பெயரும் போன் நம்பரும் போட்ட தகடு. இப்போது மூன்றும் சுற்றும்போதெல்லாம் ஆளுக்கொரு ராகத்தில் கிறீச்சிட்டன.

"ரெண்டு சொட்டு எண்ணெய், அஞ்சு நிமிஷ வேலைம்மா. வியாழக்கிழமை ஒரு பெரிய கடை மேனேஜர் இதைப் பார்க்க வர்றார். பிடிச்சிருந்தா நாற்பது ஸ்டாண்ட் ஆர்டர். ரெண்டு மாசமா பட்டறையில ஒழுங்கா வேலை இல்லை."

"பட்டறையில புதுசா ஒண்ணு செஞ்சு காட்டலாமே?"

"புதுசு எப்பவும் நல்லாத்தான் சுத்தும், ரெண்டு வருஷம் ஓடினதைக் காட்டுன்னு சொல்லிட்டார்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். கணவரைப் பார்த்தாள். பிறகு, "தப்பா நினைக்காதீங்க, அது அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

கல்லாவில் உட்கார்ந்திருந்த கணவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. நிமிர்ந்தால் கிரீடம் விழுந்துவிடும் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்தும் பட்டறைக்காரருக்கு ஆறவில்லை.

"வேணும்னே பண்றாங்க. வர்றவன் போறவன் எல்லாம் என் தகட்டைப் பார்த்துச் சிரிக்கணும். அதான் அவங்களுக்கு வேணும்."

"அவங்களுக்கு உங்க மேல என்னங்க பகை?" என்றாள் மனைவி.

"அப்போ ஸ்டாண்டைப் பத்து நாள் லேட்டா கொடுத்தேன்ல. மனசுல வச்சிருப்பாங்க. நீ நாளைக்குச் சாயந்திரம் என்கூட வா. கைப்பையை எடுத்துக்க."

புதன்கிழமை சாயந்திரம், கடைக்காரம்மா இல்லாத நேரமாகப் பார்த்து இருவரும் உள்ளே போனார்கள். மனைவி கல்லாவுக்கு முன்னால் நின்று ஒரு சீப்புக்கு ஒன்பது கேள்வி கேட்டாள். அவர் கைப்பையிலிருந்து எண்ணெய்க் குப்பியை எடுத்து, மூன்று ஸ்டாண்டின் பேரிங்கிலும் காதும் காதும் வைத்தாற்போலச் சொட்டு விட்டார்.

நாலடி தூரத்தில் இவ்வளவும் நடக்கிறது, கல்லாக்காரர் கண்டுகொள்ளவே இல்லை. மூன்றாவது ஸ்டாண்டைச் சத்தமில்லாமல் சுற்றிப் பார்த்தபோது மட்டும், சீப்பின் விலையைச் சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டு, அப்புறம் தொடர்ந்தார். இப்படி ஒரு அசமந்தத்தை வைத்து எப்படித்தான் கடை நடக்கிறதோ என்று நினைத்துக்கொண்டார் பட்டறைக்காரர்.

மறுநாள் மேனேஜர் வந்தார். சுற்றினார். கொக்கிகளை ஏற்றினார், இறக்கினார். மறுபடி சுற்றினார். பூனை நடந்த சத்தம்கூட இல்லை.

"ரெண்டு வருஷம் ஆச்சா? நம்ப முடியலையே" என்று கடைக்காரம்மாவிடம் திரும்பினார். "ஏதாவது தொந்தரவு உண்டாம்மா?"

பட்டறைக்காரர் கொக்கியைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டார். போச்சு, இப்போது போட்டுக் கொடுக்கப் போகிறாள்.

"ஒரு தொந்தரவும் இல்லைங்க. நம்பிக் கொடுக்கலாம், நல்ல வேலைக்காரர்" என்றாள் அவள்.

நாற்பது ஸ்டாண்டுக்கும் அங்கேயே கையெழுத்தாயிற்று. மேனேஜரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுத் திரும்பிய பட்டறைக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"அவர் போயிட்டாரா? அப்போ ஒரு உதவி செய்யணும்" என்றாள் கடைக்காரம்மா. "நேத்து போட்ட எண்ணெயைத் துடைச்சு எடுக்க முடியுமா?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"இவருக்குப் பார்வை போய் ஒரு வருஷம் ஆச்சுங்க" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "பகல்ல நான் ஆபீஸ் போயிடுவேன். இவர் தனியாத்தான் கடையைப் பார்த்துக்கிறார். கரகரன்னு கேட்டா கிளிப், கீச்சுன்னா சாவி வளையம், இழுத்துக் கத்தினா சீப்பு. யாரு எங்க நிக்கிறாங்கன்னு சத்தத்தை வச்சுத்தான் தெரிஞ்சுக்குவார். வெளியே தெரிஞ்சா ஆளாளுக்குக் கைவரிசை காட்டுவாங்கன்னு யார்கிட்டயும் மூச்சு விடலை. உங்ககிட்டயாவது சொல்லியிருக்கணும், என் தப்புதான்."

பட்டறைக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்த துணியை எடுத்தார். ஒவ்வொரு பேரிங்காகக் கழற்றித் துடைத்தார். செய்த பொருளை வேண்டுமென்றே கத்த வைப்பது அவர் வாழ்க்கையிலேயே முதல் தடவை.

கடைசி ஸ்டாண்ட் பழையபடி கிறீச்சிட்டதும் கல்லாக்காரர் முகம் மலர்ந்தது. "சீப்பு" என்றார்.

"நேத்தே கூப்பிட்டு நாலு வார்த்தை திட்டியிருக்கலாமேய்யா" என்றார் பட்டறைக்காரர்.

"எண்ணெய் வாசம் வந்ததுமே நீங்கதான்னு தெரிஞ்சுபோச்சு. ராத்திரி உங்களைக் கூப்பிட்டுத் திட்ட இவ போனைக்கூட எடுத்துட்டா" என்று சிரித்தார் கல்லாக்காரர். "நான்தான், ஒரு நாள் ஆபீஸுக்கு லீவு போட்டுட்டு நீயே கடையில நில்லு, அவருக்கு அந்த ஆர்டர் கிடைக்கட்டும்னு சொன்னேன்."