ஒரு சாண் எஞ்சின்

மேசைமேல் வளைத்துப் போட்ட தண்டவாளத்தில் ஒரு சாண் நீள எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பொம்மை ரயிலின் சக்கரங்கள், பழைய சிடி பிளேயரின் மோட்டார், இரண்டு எஞ்சின்களை அறுத்து ஒட்டிய உடம்பு. ரயில்வே வேலையைத் திடீரென்று விட்டுவிட்டு இதில் இறங்கியவர் அருளப்பன். ஏன் விட்டார் என்று யாரிடமும் சொன்னதில்லை.

இந்த மாதிரியைச் செய்யச் சொன்ன செண்பகவல்லியும் எஞ்சினின் எண்ணை மட்டும்தான் அவரிடம் கொடுத்திருந்தாள். பனிமூட்டத்தில் தண்டவாளம் சோதிக்கப் போன தன் கணவன்மீது ஏறிய வண்டி அது என்று சொல்லவில்லை. முன்விளக்கு எரிந்தது, அவன்தான் கவனிக்கவில்லை என்று விசாரணையில் எழுதி முடித்திருந்தார்கள்.

"உள்ள லைட் எரியுது. முன்னால எரியலையே?"

"இந்த வண்டிக்கு முன்னால எரியாதும்மா," என்றார், அரத்தைத் துடைத்தபடி. துடைத்த கை அப்படியே நின்றது.

"யாரு சொன்னா?"

அவர் அவசரமாகப் பற்றவைப்புக் கோலைத் தேடினார். "மறந்துட்டேம்மா. ரெண்டே நிமிஷம், ஒயரைச் சேத்துத் தந்துடுறேன்."

அவள் எஞ்சினைத் தண்டவாளத்திலிருந்து தூக்கினாள்.

"வேணாம். இப்படியே குடுங்க."