மூணு மணி நேரம்

"எழுதலேன்னா எந்திரிச்சுப் போயிர வேண்டியதுதானே வே? மூணு மணி நேரம் எதுக்குச் சும்மா உக்காந்திருந்தீரு?"

திருநெல்வேலியில் பஸ் ஏறி உட்கார்ந்ததுமே ஆறுமுகச்சாமி கேட்டுவிட்டார்.

பக்கத்து சீட்டில் மைதீன் பாட்சா சிரித்தான். "சும்மாதான் அண்ணாச்சி."

அந்தச் சிரிப்புதான் அவருக்கு எரிச்சலைக் கிளப்பியது.

ரெண்டு பேருக்கும் ஊர் சங்கரன்கோவில். ரெண்டு பேரும் தபாலில் பி.காம். படிக்கிறவர்கள். ஆறுமுகச்சாமி நெசவாளர் சொசைட்டியில் கிளார்க், வயது முப்பத்தெட்டு. பட்டம் இருந்தால் மேனேஜர் ஆகலாம். ரேஷன் க்யூவில் நின்றுகூடப் படிக்கிறார், மண்டையில் ஒன்றும் நிற்கவில்லை. மெர்க்கன்டைல் லா பேப்பரை இன்றைக்கு மூன்றாவது தடவையாக எழுதிவிட்டு வருகிறார்.

பாட்சாவுக்கு இருபத்துநாலு வயது. சைக்கிள் கடை வைத்திருக்கிறான். பரீட்சை ஹாலில் பேரையும் நம்பரையும் எழுதுவான். அப்புறம் கடைசி மணி அடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். போன வருஷமும் இப்படித்தான்.

"மதுரையில நேர்ல நடந்த வகுப்புல வாத்தியாரு உம்ம விடையை எல்லாருக்கும் வாசிச்சுக் காமிச்சாரே, ஞாபகம் இருக்கா? காலேஜுல படிக்கிற பிள்ளைய கூட இப்படி எழுதலன்னு சொன்னாரு. உம்மை எந்திரிச்சு விளக்கச் சொன்னா பேந்தப் பேந்த முழிச்சீரு."

"ஆமா."

"அப்போ வீட்டுல இருந்து அனுப்புத விடையெல்லாம் வேற யாரோ எழுதிக் குடுக்காக."

"ஆமா அண்ணாச்சி."

இப்படி ஒரே வார்த்தையில் ஒப்புக்கொள்வான் என்று ஆறுமுகச்சாமி எதிர்பார்க்கவில்லை.

"வெக்கமா இல்ல? நான் ஆபீசுல லீவு கேட்டுக் கெஞ்சி, வீட்டுல பேச்சு வாங்கி, உயிரைக் குடுத்துப் படிக்கேன். நீரு அடுத்தவன் மூளையில பட்டம் வாங்கப் பாக்கீரு!"

பாட்சா கண்டக்டரிடம் மணி கேட்டான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டான்.

பனவடலிசத்திரம் தாண்டியதும் ஆறுமுகச்சாமியின் குரல் இறங்கியது. நாளை மறுநாள் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்.

"ஏன் வே, அந்த எழுதிக் குடுக்க ஆளு... நோட்டு ஏதும் வச்சிருப்பாரா? ஒரு நாளைக்குத் தந்தா பாத்துட்டுத் தந்திருதேன்."

பாட்சா அவரைத் திரும்பிப் பார்த்தான். "வீட்டுக்கு வாங்க. கேட்டுப் பாப்போம்."

பாட்சா வீட்டு வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். முக்காட்டைச் சரிசெய்த விரலில் பேனா மசி.

"எங்க லாத்தா. கூடப்பிறந்த அக்கா, ஷம்சாத் பேகம்" என்றான் பாட்சா. "லாத்தா, இவுக எங்கூடப் பரீட்சை எழுதுதவுக."

"வாங்க" என்றாள். பிறகு தம்பியிடம் கேட்டாள்: "இன்னைக்கு எந்தப் பக்கம் உக்காந்தே?"

"ஜன்னலோரம்."

"ஃபேனு?"

"ஓடல. ஒரே வெக்கை."

"பொம்பளைப் பிள்ளைய யாரும் வந்திருந்தாகளா?"

"ரெண்டு பேரு. அதுல ஒண்ணு எழுதுச்சு பாரு, மூணு தடவை எந்திரிச்சு பேப்பர் வாங்குச்சு."

அவன் சொல்லி முடித்த பிறகும் அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். அப்புறம் கையை நீட்டினாள். பாட்சா சட்டைப் பையிலிருந்து கேள்வித்தாளை எடுத்துக் கொடுத்தான்.

அவள் அதைப் பிரிக்காமல் வைத்துவிட்டு, மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள். ஓடிக்கொண்டிருந்த ஃபேனை நிறுத்தினாள்.

பாட்சா கடிகாரத்தைப் பார்த்தான். "மணி நாலு. ஏழு வரைக்கும். ஆரம்பி லாத்தா."

ஆறுமுகச்சாமிக்கு ஒன்றும் புரியவில்லை. பாட்சா அவரை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தான்.

"உம்மா மௌத்தாகி எங்களை விட்டுப் போனப்போ எனக்கு அஞ்சு வயசு அண்ணாச்சி. லாத்தா பத்தாங்கிளாஸ் படிச்சிட்டிருந்தா. என்னையப் பாக்க ஆளில்லன்னு நின்னவதான். நான் ப்ளஸ் டூ முடிக்கிற வரைக்கும் என் புஸ்தகத்தை எல்லாம் என்னைய முந்தி அவ படிச்சிருவா. அவளும் பி.காம். படிக்கணும்னு சொன்னா. ப்ளஸ் டூ சர்ட்டிபிகேட் இருந்தாத்தான் சேத்துக்கிடுவோம்னுட்டாக. அது என்கிட்டதானே இருக்கு!"

"அதான் உம்ம பேருல கட்டுனீரா?"

"ஆமா. பாடமெல்லாம் தபால்ல வந்திருது. பரீட்சைக் கேள்வி மட்டும் வராது, போயித்தான் கொண்டுக்கிட்டு வரணும். மணி அடிக்க முந்தி எந்திரிச்சா அதைப் புடுங்கி வச்சுக்கிடுதாக."

ஆறுமுகச்சாமி கேட்டார்:

"அவுக எழுதுறதை யாரு திருத்துவா?"

"யாரு இருக்கா?"

"அப்போ பாஸா பெயிலான்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது அண்ணாச்சி. ஆனா ஒரு வருசமும் விட்டதில்ல."

உள்ளே எட்டிப் பார்த்தார். முகமெல்லாம் வேர்வை வழிய அவள் எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு தடவை நிமிர்ந்து, பக்கத்தில் யாரோ உட்கார்ந்து எழுதுவது போல வெறும் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடி குனிந்துகொண்டாள்.

வந்த காரியத்தைக் கேட்க ஆறுமுகச்சாமிக்கு நாக்கு எழவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

பாட்சா உதட்டில் விரலை வைத்தான்.

"மெதுவா அண்ணாச்சி. பரீட்சை நடக்கு."