அணைத்து வைத்த டிவி

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, கைக்குள் அடங்குகிற கதை ஒன்று சொல்கிறேன். கடையில் ஓடிக்கொண்டிருந்த டிவிகளையெல்லாம் அணைக்கச் சொன்னாள் சிந்தாமணி. “அணைச்சுட்டா எதைம்மா பாப்பீங்க?” என்று சிரித்தார் விற்பனையாளர். “நீங்க அணைங்க தம்பி.” கறுத்துப்போன ஒவ்வொரு திரையின் முன்னும் நின்று, தன் உருவம் தெரிகிறதா என்று பார்த்தாள். “இது புது மாடல்மா. கண்ணு கூசாது, எதிர்ல இருக்கற ஒண்ணும் இதுல விழாது.” “ஒண்ணும் விழாதது எனக்கெதுக்கு?” அவள் புருஷன் தவசி, கழுத்தைத் திருப்ப முடியாமல் படுக்கையில் கிடப்பவன். பழைய டிவியை அணைக்கச் சொல்லிவிட்டுத்தான் பார்ப்பான். தலைமாட்டுக்குப் பின்னால் அடுப்படியில் நிற்கும் சிந்தாமணி அந்தத் திரைக் கண்ணாடியில் தெரிவாள். அது உடைந்த பிறகு வெறும் சுவர்தான், அவன் பேச்சும் நின்றுபோனது. கடை மூலையில் கிடந்த டிவி ஒன்றில் அவள் தலைப்பூகூடத் தெரிந்தது. “அதுல படம் சுமார்தாம்மா.” “படத்தை யாரு பாக்கப் போறா? கட்டுங்க.” சாயங்காலம் அது சுவரில் ஏறியது. அணைத்துவிட்டு அடுப்படிக்குப் போனவள், பால் வைத்த அடுப்புக்கு முதுகைக் காட்டி, திரையையே பார்த்து நின்றாள். வெகுநேரம் கழித்துக் கட்டிலிலிருந்து குரல் வந்தது: “பாலு பொங்குது புள்ள.” உங்கள் வீட்டிலும் பால் பொங்கட்டும் கண்ணுகளா, அதைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆளும் இருக்கட்டும்.