காத்தாடி எடுத்த படம்

காத்தாடி மூன்றாவது தடவையும் மணலில் மூக்கைக் குத்தியது. வெள்ளைக் கால்சட்டைக்காரர்கள் ஆறு பேரும் ஓடிப்போய், அதில் கட்டியிருந்த காமிராவுக்கு அடிபட்டதா என்று பார்த்தார்கள்.

"நூலை என்கைல குடு சார். நீ வுடறது காத்தாடியா, கருவாடா?" என்றான் மஜீது. ராயபுரத்தில் அவன் அறுக்காத காத்தாடி கிடையாது. வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த குப்பமே சிரித்தது.

கட்டுமரத்தின் ஓரமாக உட்கார்ந்து வலை முடிந்துகொண்டிருந்த ராசையா சிரிக்கவில்லை. வேலைநிறுத்தத்தில் துறைமுகக் கிட்டங்கி ஒன்று எரிந்து இரண்டு மாதம். எரித்தவன் என்று போலீசிடம் அவன் பெயர் இருந்தது, படம் இல்லை. அவன் முகம் தெரிந்த துறைமுக மேஸ்திரியோ குப்பத்தில் கால்வைக்கப் பயந்தான். அடைக்கலமேரியின் குடிசையில் ஒளிந்திருந்தவனுக்கு இங்கே பெயர் ஜார்ஜ். பிடிபட்டால் பத்து வருஷம்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு போலீஸ்காரன் வந்தான். சுதந்திரம் வந்து இரண்டு வருஷமாகியும் காக்கியைக் கண்டால் குப்பம் ஒதுங்கும். ராசையாவின் கை நின்றது.

"இன்னா சார் இது? யாரைக் கேட்டு வுடறீங்க?"

அந்த ஆறு பேருக்கும் தலைவரான கிருஷ்ணப்பன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒரு காகிதத்தை நீட்டினார். "நாங்க படச் சங்கம். துறைமுகத்தையும் கோட்டையையும் மேலேருந்து எடுக்கப்போறோம். அனுமதி இருக்கு."

அதைப் படித்ததும் போலீஸ்காரன் ஒரு கணம் விறைத்து நின்றான். பிறகு சைக்கிளைத் திருப்பினான். ராசையாவுக்கு மூச்சு வந்தது.

மஜீதின் கையில் காத்தாடி ஜம்மென்று ஏறியது. தென்னை உயரம் போனதும், "போதும், அங்கேயே நிறுத்து" என்றார் கிருஷ்ணப்பன்.

"இன்னா சார், தொறமுகம் தெரிய வாணாமா?"

"முதல்ல சோதனை."

ராசையா ஏறிட்டுப் பார்த்தான். துறைமுகம் தெற்கே இருந்தது. காமிராவின் கண்ணோ நேர்க்கீழே மணலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவனுக்குப் புரிந்தது. மேஸ்திரி இங்கே வரமாட்டான். படம் மேஸ்திரியிடம் போகும்.

படம் பிடிக்க இன்னொரு நூலை இழுக்க வேண்டும். கிருஷ்ணப்பன் இன்னும் இழுக்கவில்லை.

"ஏ ஜார்ஜு!" அடைக்கலமேரி கத்தினாள். "பொட்டி பறக்குதுய்யா! ஊரே வாயப் பொளந்துகினு நிக்குது, உனுக்கு இன்னா வலை வேண்டிக்கீது?"

"கண்ணு கூசுதுக்கா."

துண்டைத் தலையில் இழுத்துவிட்டு, முகவாய் நெஞ்சில் முட்டக் குனிந்துகொண்டான். கிருஷ்ணப்பனின் கை நூலைச் சுண்டுவது ஓரக்கண்ணில் தெரிந்தது. மூன்று தடவை காத்தாடியை இறக்கி, ஃபிலிமைச் சுற்றி, மறுபடி ஏற்றினார்கள். மூன்று தடவையும் அவன் நிமிரவில்லை.

படச் சங்கத்தார் வந்த வேன் திரும்பிப் போனது. இரண்டு மாதத்தில் அன்றைக்குத்தான் ராசையா வயிறாரச் சாப்பிட்டான். அடைக்கலமேரிக்கே ஆச்சரியம்.

மறுநாள் காலை, அதே கட்டுமரத்தின் ஓரம். வலைமேல் ஒரு நிழல் விழுந்தது.

கிருஷ்ணப்பன். இன்றைக்குக் காக்கியில் இருந்தார். பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள். அவர் அதட்டவில்லை, ஒரு படத்தை எடுத்து வலைமேல் வைத்தார்.

படத்தில் துறைமுகமும் இல்லை, கோட்டையும் இல்லை. நூறு முகம். இடுப்புக் குழந்தைகூட வாயைப் பிளந்து வானத்தைப் பார்த்தது. ஒரு மூலையில், கட்டுமரத்தின் பக்கத்தில், முகமே இல்லாமல் ஒரு துண்டு மட்டும் தெரிந்தது.

கிருஷ்ணப்பன் மெதுவாகக் கேட்டார்: "அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தாங்க. நீ மட்டும் ஏன் குனிஞ்சே, ராசையா?"