நான்காம் மாடிக் கயிறு

ரங்கூனின் பசுந்தாங் பகுதியில் காலை வெயில் எதிர்வீட்டுப் பாசிச் சுவரோடு நின்றுவிடுகிறது. நான்காம் மாடி பால்கனியில் மஞ்சுளா காத்து நிற்கிறாள். கம்பியில் கட்டிய மணியிலிருந்து தெருவரை ஒரு கயிறு தொங்குகிறது. பேப்பரோ பருப்போ கீழே கிளிப்பில் மாட்டிச் சுண்டினால் மேலே மணி அடிக்கும். கட்டடத்தைப் பழமை மாறாத ஹோட்டலாக்கப் போகிறார்கள். இன்னும் மூன்று மாதம் இருக்கவிடும்படி உரிமையாளருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள். பதில் இன்று வர வேண்டும். மணி அடிக்கிறது. பரபரவென்று இழுக்கிறாள். கிளிப் காலி. கீழே சுற்றுலா வந்த வெள்ளைக்காரர்கள் கைதட்டுகிறார்கள். "அந்தக் காலத்து வியாபாரிங்க லிஃப்ட்டுன்னு காட்டுனேன், மஞ்சுளாக்கா," என்கிறான் சுற்றிக்காட்டும் பிரேம்நாத். "ஒருத்தனை மாட்டி அனுப்பு, தூக்கிப் பாக்குறேன்," என்று கயிற்றை மறுபடி இறக்குகிறாள். உரிமையாளரின் ஆள் வருகிறான். ஒரு தாளைக் கிளிப்பில் மாட்டிவிட்டு, மேலே பார்க்காமல் போகிறான். பிரேம்நாத் அதைப் படிக்கிறான். சிரிப்பு நின்றுபோகிறது. "வெள்ளிக்கிழமைக்குள்ள காலி பண்ணணுமாம், அக்கா." வெள்ளைக்காரி ஒருத்தி போனை உயர்த்தி அவனிடம் ஏதோ கேட்கிறாள். அவன் தரையைப் பார்த்துச் சொல்கிறான்: "கொஞ்சம் மெதுவா இழுப்பீங்களான்னு கேக்குறாங்க. வீடியோ எடுக்கணுமாம்." இனி என்ன அவசரம். மஞ்சுளா மெதுவாகவே இழுக்கிறாள்.