சாய்ந்த மரத்தடியில் கற்பூரம்

"கற்பூரம் வேண்டாம்ப்பா. யாரும் மரத்துக்குக் கீழ போகாதீங்க. லோரியில சங்கிலி கட்டி, எட்ட நின்னு இழுக்கச் சொல்லுங்க." சாமி காரியத்தில் பெண்பிள்ளை குறுக்கே பேசக்கூடாது என்று கேட்டே வளர்ந்தவள்தான் கமலவேணி. மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் கட்டிய தாள்கொடிகள் காஜா பேராங் கோயில் வேலியில் நனைந்து தொங்குகின்றன. இரவுப் புயலில் சாய்ந்த அங்சானா மரம், கோயில் வேம்பின் கவட்டில் மாட்டிக்கொண்டு நிற்கிறது; காற்று வரும்போதெல்லாம் முனகிப் பட்டைத் தூளை உதிர்க்கிறது. "உத்தரவு கேக்காம சாமி மரத்த அசைக்கிறதா?" என்கிறார் அவள் அப்பா, பூசாரி மருதமுத்து. "பூசாரியாரே, ஒங்க மவ லோரிய சாமியாக்கிட்டா!" என்று ஒருவன் சொல்ல, கூட்டம் சிரிக்கிறது. அவர் சிரிக்கவில்லை. கற்பூரத்தை ஏற்றித் தட்டைக் கையில் எடுக்கிறார்; கண் மட்டும் மரத்தின் மேலேயே இருக்கிறது. பயம் அவருக்கும் இருக்கிறது. இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கையில் பின்வாங்கத்தான் தெரியவில்லை. அது அவளுக்குப் புரிகிறது. மரம் மறுபடி முனகுகிறது. அவர் மரத்தடியை நோக்கிக் காலெடுத்து வைக்கிறார். அவள் தட்டைப் பிடுங்கிக்கொள்கிறாள். தட்டு இல்லாமல் அவர் மரத்தடிக்குப் போகமாட்டார். இனி அப்பா வீட்டில் தனக்குச் சோறில்லை என்று தெரிந்தேதான், எரியும் கற்பூரத்தோடு வேலியைத் தாண்டி, லோரி நிற்கும் சாலைக்கு நடக்கிறாள்.