எதிர்ச்சுவரில் ஒரு கோடு

மெக்சிகோவின் கெரேத்தரோ நகரில் புது வீடுகளை அலமாரி இல்லாமல்தான் ஒப்படைப்பார்கள்; துணி வைக்கவென ஒரு வெற்றுச் சிற்றறை மட்டும் இருக்கும். அளவெடுக்க வந்த தச்சர் நெமேசியோ, வீட்டுக்காரி ஒட்டிலியாவைக் கையைத் தூக்கச் சொல்லி, விரல் எட்டிய இடத்தில் சுவரில் பென்சிலால் கோடு போட்டார். துணி மாட்டும் கம்பி அந்த உயரத்தில் வரும்.

"ஒருத்தருக்கா இவ்ளோ பெரிய அலமாரி? உள்ள பந்தே ஆடலாம்மா."

"வீட்டைப் பதிவு செஞ்சப்ப ரெண்டு பேரு, மேஸ்திரி."

வீட்டுச் சாவி கைக்கு வருமுன் கணவர் அன்செல்மோ இறந்துவிட்டார். எதிர்ச்சுவரை வெறுமையாக விடச் சொன்னாள்.

வியாழனன்று பலகைகளோடு வந்த நெமேசியோ எதிர்ச்சுவரின் முன் நின்றுவிட்டார். அங்கே, அவள் கோட்டைவிட ஒரு சாண் உயரத்தில், இன்னொரு பென்சில் கோடு இருந்தது.

"யாரும்மா வந்தா?"

"யாரும் வரல."

நுனிக்காலில் எக்கியும் அவள் விரல் அதைத் தொடவில்லை.

"அழிச்சிடவா?"

"வேணாம். அங்கயும் ஒரு கம்பி போடுங்க. குனிஞ்சு சட்டை எடுக்க அவருக்குப் பிடிக்காது."